இருபது டாலருக்குள்

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் பை வந்தது.

மாலை ஆறு பத்து. அழைப்பு மணி ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. சிட்னியில், பாரமட்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில், ஏழாவது தளத்தில், எழுபத்து மூன்றாம் எண் வீட்டுக் கதவை அக்ஷரா ஓடிப் போய்த் திறந்தாள். வெளியே யாரும் இல்லை. மிதியடி மேல் ஒரு பச்சைத் துணிப் பை. லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் மட்டும்.

"தேங்க் யூ!" என்று ஆளில்லாத நடைபாதையைப் பார்த்து முழுத் தொண்டையில் கத்திவிட்டு, பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தாள். பதினோரு வயசு. யார் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை.

செந்தில்நாதன் பைக்குள் எட்டிப் பார்த்தான். துவரம்பருப்பு, நல்லெண்ணெய், ஃபில்டர் காபித்தூள், ஐந்து கிலோ இட்லி அரிசி, ஒரு பாட்டில் நெய்.

"ஏன் கிரிஜா, இப்ப இருக்கற நிலைமையில நெய்யெல்லாம் எதுக்கு ஆர்டர் பண்ணினே?"

சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்த அவன் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நான் எங்கே பண்ணினேன்? நீங்கதானே வாரா வாரம் வரவழைக்கறீங்க?"

"நானா?"

"பின்னே? ஏதோ சர்ப்ரைஸா செய்யறாரு, கேட்டா மூடு போயிரும்னு நானும் வாயைத் திறக்காம இருக்கேன்."

"நான் நீ பண்றேன்னு நினைச்சு, சண்டை வேண்டாம்னு வாயைத் திறக்காம இருக்கேன்."

பதினாலு வருஷக் குடித்தனத்தில் இருவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தது இந்த இரண்டு வாரம்தான். அதன் பலன் தரையில் உட்கார்ந்திருந்தது.

"அப்போ யார் அனுப்பறது?" என்றாள் கிரிஜா.

செந்தில்நாதன் பையை விட்டு ஓரடி பின்வாங்கினான். காரணம் இருந்தது.

அவன் அமெரிக்க அரசு ஊழியன். சிட்னியில் இருக்கும் அமெரிக்க விசா அலுவலகத்தில் அதிகாரி. அதிலும் மோசடிகளைக் கண்டுபிடிக்கிற பிரிவு. பொய்க் கல்யாணம், பொய்ச் சம்பளச் சீட்டு, பொய்ச் சித்தப்பா என்று பதினேழு வருஷமாக மோப்பம் பிடித்துப் பழகிய மூக்கு. திருச்சியில் பிறந்து, வர்ஜீனியாவில் குடியுரிமை வாங்கி, போன வருஷம்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தான்.

அக்டோபர் முதல் தேதி வாஷிங்டனில் பட்ஜெட் ஒதுக்கீட்டில் இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போகாமல் அரசாங்கத்தை இழுத்து மூடினார்கள். மூடினார்கள் என்றால் ஒரேயடியாக அல்ல. ஊழியர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மீதிப் பேரை 'அத்தியாவசியம்' என்று சொல்லி வேலைக்கு வரச் சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரே விஷயம், சம்பளம் கிடையாது. செந்தில்நாதன் அத்தியாவசியம்.

முதல் சம்பளம் பாதியாக வந்தது. அடுத்தது வரவே இல்லை. சிட்னி வீட்டு வாடகையை அலுவலகம் பார்த்துக்கொண்டது. ஆனால் வர்ஜீனியா வீட்டுக் கடன் மாசா மாசம் கையை நீட்டியது. கையிருப்பு என்று இருந்ததெல்லாம் செப்டம்பரில் திருச்சியில் அப்பாவின் இருதய ஆபரேஷனுக்குப் போய்விட்டது. கிரிஜா இங்கே வேலை பார்க்கலாம் என்றால், அதற்கான அனுமதிக் கடிதம் வாஷிங்டனில் ஒருவர் மேஜையில் இருந்தது. அந்த மேஜைக்காரர் அவர் வீட்டில் இருந்தார்.

வர்ஜீனியா விமான நிலையத்தில் பயணிகளைச் சோதனை செய்கிற வரதராஜன், செந்தில்நாதனின் கல்லூரிக் கால நண்பன், இரண்டு நாள் முன்னால் போனில் சொன்னான்: "யூனிஃபார்மோட இலவச உணவு க்யூவுல நின்னேன்டா. முன்னாடி நின்னவரு என்னைப் பாத்துட்டு, பெல்ட்டைக் கழட்டணுமா சார்னு கேட்டாரு." சிரித்தான். சிரித்து முடித்ததும் போனை வைத்துவிட்டான்.

அப்படியிருக்க, ஒரு விசா அதிகாரி வீட்டு வாசலில், யார் வைத்தது என்று தெரியாத பை. மூன்று வாரமாக. அதிலிருந்து சாம்பார் வைத்துச் சாப்பிட்டும் ஆகிவிட்டது.

வேறு அதிகாரிக்கு இது நடந்திருந்தால், விசாரணைக் கோப்பை அவனே திறந்திருப்பான்.

"யாரோ விசா கேட்கப் போறாங்க" என்றான் மெல்ல. "அதுக்கு முன்பணம் இது. நாளைக்கு ஆபீஸ்ல விசா ஜன்னல்ல வந்து நின்னு, நெய் நல்லா இருந்துச்சான்னு கேப்பான். என் வேலை போயிரும் கிரிஜா."

"சம்பளம் குடுக்காத வேலைதானே?"

"அது போச்சுன்னா சம்பளம் குடுக்கற வேலையும் போச்சு. ரெண்டும் ஒண்ணுதான்."

அப்போதுதான் நெய் பாட்டிலின் மூடியைப் பார்த்தான். கறுப்பு மையில், அழகான கையெழுத்தில்: 17. பக்கத்தில் 19.50. பருப்புப் பொட்டலத்தில்: 4. பக்கத்தில் 5.20. எண்ணெயில்: 26. பக்கத்தில் 9.

"அக்ஷரா, போன வாரத்து டப்பாவெல்லாம் எங்கே?"

"ரீசைக்கிளிங்ல. ஏன்பா?"

அடுத்த பத்து நிமிஷம் அமெரிக்க அரசின் பிரதிநிதி மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டிக்குள் தலைகீழாக இருந்தார்.

மூன்று வாரத்துக்கும் சேர்த்து இருபத்து நான்கு பொருட்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஒரு விலை. எண் ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுக்குள். எக்செல்லில் ஏற்றி, முன்னால் வரிசைப்படுத்திப் பார்த்தான், பின்னால் வரிசைப்படுத்திப் பார்த்தான். விலை எதற்கு எழுத வேண்டும்? பின்னால் கணக்குக் கேட்பதற்குத்தான்.

விதிப்படி முதல் வேலை, வாஷிங்டனில் இருக்கும் நன்னடத்தை ஆலோசகருக்குத் தெரிவிப்பது. உட்கார்ந்து நீளமாக மின்னஞ்சல் எழுதி அனுப்பினான். நாலு வினாடியில் பதில் வந்தது. சம்பளமில்லாக் கட்டாய விடுப்பில் இருப்பதாகவும், அரசு மறுபடி திறக்கும் வரை அஞ்சலைப் படிப்பதே சட்டவிரோதம் என்றும், தங்கள் பொறுமைக்கு நன்றி என்றும் அவரது கணினி சொன்னது.

நன்னடத்தை, அத்தியாவசியப் பட்டியலில் இல்லை.

*

சனிக்கிழமை காலை, கீழ்த்தளத்துக் கட்டிட மேலாளரிடம் போய் நின்றான். பார்சல் தொலைந்த மாதிரி ஒரு கதை சொன்னான். அவர் காமிரா பதிவை ஓட்டிக் காட்டினார்.

ஆறு மணி எட்டு நிமிடம். ஒரு பெண். முப்பது வயசுக்குள். கருநீல நர்ஸ் உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை. தோளில் பச்சைப் பை. நெற்றிக்கு மேலே ஒரு கற்றை முடி மட்டும் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு தீற்றியது போல. ஆறு பதினொன்றுக்குக் கையை வீசிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது ஏனோ தனக்குத் தானே சிரித்துக்கொண்டே போனாள்.

"தெரிஞ்சவங்களா?" என்றார் மேலாளர்.

"இனிமேதான் தெரியணும்" என்றான் செந்தில்நாதன்.

அதிக நேரம் ஆகவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, விசா அலுவலகத்தில் அவனுடைய நாலாம் ஜன்னலில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அந்த வெள்ளைக் கற்றை வந்து நின்றது.

அவன் கையிலிருந்த பேனா உருண்டு விழுந்தது.

சயந்தினி. இலங்கைப் பாஸ்போர்ட், ஆஸ்திரேலிய நிரந்தர வதிவிடம், மருத்துவமனையில் நர்ஸ். டிசம்பரில் நியூ ஜெர்சியில் தங்கைக்குக் கல்யாணம், போய்வர மூன்று வாரம். தாள்களெல்லாம் சுத்தம். அதுவே சந்தேகம் தந்தது. அவனுக்கு எதுதான் சந்தேகம் தராது?

வழக்கமான கேள்விகளை விட்டுவிட்டு, தமிழில் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல என்ன பண்ணுவீங்க?"

அவள் திகைத்தாள். அடுத்த நிமிஷம், எதிரில் இருப்பவர் தமிழ் என்ற ஆறுதலில் முகம் மலர்ந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமையோ சேர்? டியூட்டி முடிய ஹரிஸ் பார்க்கில நூர்தீன் பாய்ட கடைக்குப் போவன். அங்கால பை கட்டி வச்சிருப்பினம். நாலு வீட்டு வாசல்ல வச்சிட்டு வீட்ட போறனான்."

"யார் வீடு?"

"அது தெரியாது. எங்களுக்குச் சொல்லமாட்டினம். கதவு நம்பர் மட்டும்தான் தருவினம். மணியை ஒருக்கா அடிக்க வேணும், நிக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. அதான் ரூல்."

"என்னைப் பாத்திருக்கீங்களா இதுக்கு முன்னால?"

"இல்லையே. எங்கட ஆள் மாதிரி இருக்கிறியள், அவ்வளவுதான்."

பொய் சொல்பவர்களுக்கு ஒரு இடைவெளி உண்டு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அரை வினாடி. பதினேழு வருஷமாக அவன் அந்த அரை வினாடியைத் தேடித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவளிடம் அது இல்லை.

"எதுக்காக இதைச் செய்யறீங்க?"

"கொரோனா நேரம் நான் ஸ்டூடன்ட் சேர். கடை வேலை போயிட்டுது. ஸ்டூடன்ட் விசாவுக்கு அரசாங்கக் காசும் இல்லை. நாலு பேர் ஒரு அறையில ஒருநேரச் சாப்பாட்டோட இருந்தனாங்கள். அப்ப என்ர கதவிலயும் பை வந்தது. பதினெட்டு வெள்ளிக்கிழமை. ஆர் தந்தவையெண்டு இண்டைக்கும் தெரியாது. தெரிஞ்சா ஒருத்தருக்கு நன்றி சொல்லிட்டு முடிச்சிருப்பன். தெரியாதபடியா இன்னும் முடியேல்லை." சிரித்தாள். "இப்ப போற வீட்டில ஒண்டில ஒரு சின்னப் பிள்ளை இருக்குது. கதவைத் திறந்து, ஆருமில்லாத இடத்தைப் பாத்து தாங்க் யூ எண்டு கத்தும். லிஃப்டுக்குள்ள கேக்கும். அதைக் கேக்கிறதுக்காகவே நான் வெள்ளிக்கிழமையில நைட் டியூட்டி போட வேண்டாமெண்டு கேட்டு வாங்கினனான்."

செந்தில்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

இந்தக் கோப்பை அவன் தொடக் கூடாது. தொட்டு 'சரி' என்று போட்டால் அது கைம்மாறு. 'இல்லை' என்று போட்டால் அது அநியாயம். விதி தெளிவாக இருந்தது.

"ஒரு நிமிஷம். உங்க ஃபைலை வேற ஒரு அதிகாரி பாப்பாரு."

அவள் முகம் சுண்டியது. "ஏன் சேர்? நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லம்மா. நீங்க எதுவும் தப்பா சொல்லலை."

அதற்கு மேல் அவனால் ஒன்றும் சொல்ல முடியாது. கோப்பை ஏழாம் ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். காதைத் திருப்ப முடியவில்லை. ஏழாம் ஜன்னல்காரர் மூன்று சாதாரணக் கேள்வி கேட்டார். பிறகு அவள் பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார். கொடுப்பதாக இருந்தால்தான் வாங்கி வைப்பது.

செந்தில்நாதன் குனிந்து பேனாவைத் தேடி எடுத்தான்.

*

மறுநாள் மாலை, பாரமட்டாவை அடுத்த ஹரிஸ் பார்க். நூர்தீன் பாயின் மளிகைக் கடை. வாசலில் வெண்டைக்காய், உள்ளே அரிசி மூட்டை, கல்லாவில் பாய். அறுபது வயசு, கீழக்கரைக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம்.

"வாங்க, இருபது டாலர் சார்!"

அந்தப் பட்டப்பெயர் போன வருஷத் தீபாவளிக்கு வந்தது. வாடிக்கையாளருக்கெல்லாம் பாய் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். செந்தில்நாதன் மட்டும், இது என்ன விலை என்று கேட்டான். இருபத்தஞ்சு என்றார் பாய். அப்படியானால் வேண்டாம், அமெரிக்க அரசு ஊழியர் யாரும், ஒரே ஆளிடமிருந்து ஒரு தடவைக்கு இருபது டாலருக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது, வருஷத்துக்கு ஐம்பதுக்கு மேல் கூடாது என்று கல்லாவில் நின்றபடியே சட்டப்பிரிவோடு விளக்கினான். பின்னால் க்யூவில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதுவே பெயர்.

"பாய், உங்களோட தனியா பேசணும்."

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். கல்லாவை மனைவி அமீருன்னிசாவிடம் விட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் குளிர்பெட்டிகள் இருக்கும் அறைக்குக் கூட்டிப் போனார். அங்கே மேஜை மேல் பச்சைத் துணிப் பைகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் கறுப்பு மை பேனா.

"பிடிச்சிட்டீங்களா?" என்றார் பாய், கவலையே இல்லாமல். "எத்தனை வாரம் ஆகும்னு வீட்டுல பந்தயம். நான் ரெண்டுன்னு சொன்னேன், அவ நாலுன்னா. நடுவுல வந்துட்டீங்க."

"இது விளையாட்டு இல்லை பாய். என் வேலை போயிரும். யார் யாரோ குடுத்ததை நான் வாங்கித் தின்னுருக்கேன். அதுல ஒருத்தர் விசாவுக்கு மனு போட்டிருந்தா? எனக்கு எப்படித் தெரியும்? அது இருக்கட்டும், என் சம்பளம் வரலைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. வீட்டம்மா பொன்னி அரிசி எத்தனை கிலோ வாங்குவாங்க?"

"இருபது கிலோ மூட்டை."

"அக்டோபர்ல ரெண்டு கிலோ வாங்கினாங்க. ஏலக்காயை எடுத்து, முகர்ந்து பாத்துட்டு, திருப்பி வச்சாங்க. முப்பது வருஷமா கல்லாவுல நிக்கிறேன் சார். கூடையைப் பாத்தா வீடு தெரியும். டிவியிலதான் உங்க ஊரு கடையடைப்பு நியூஸ் ஓடுதே."

செந்தில்நாதன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கிரிஜா ஏலக்காயை முகர்ந்து பார்த்தது அவனுக்குத் தெரியாது.

"சரி, நீங்க கேட்டதுக்கு வாரேன்" என்று பாய் ஒரு நோட்டை எடுத்தார். "கொரோனாவுல ஆரம்பிச்ச லிஸ்ட் இது. முப்பத்தோரு வீடு. வாரத்துக்கு ஒரு சாமான், அவங்கவங்க இஷ்டம். யாருக்குப் போகுதுன்னு குடுக்கறவங்களுக்குத் தெரியாது. யாரு குடுத்தாங்கன்னு வாங்கறவங்களுக்குத் தெரியாது. பேரே கிடையாது, வெறும் நம்பர். உங்களுக்கு அவங்களைத் தெரியாது, அவங்களுக்கு உங்களைத் தெரியாது. இதுல யாரு சார் யாருக்கு லஞ்சம் குடுக்கறது?"

"உங்களுக்கு ரெண்டு பேரையும் தெரியுமே?"

"நான் பை மட்டும்தான் கட்டறேன். என் கணக்குல ஒரு உப்புப் பாக்கெட் கிடையாது. பைக்குப் பதினஞ்சு காசு போட்டுக்கங்க."

"அந்த விலை எதுக்கு எழுதியிருக்கு? பின்னால வசூல் பண்ணவா?"

பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையில், ஒரு வாத்தியார் மக்குப் பையனைப் பார்க்கிற இரக்கம் இருந்தது.

"இதுவரைக்கும் வந்ததுலயே அதிக விலை எது?"

"நெய். பத்தொன்பது ஐம்ப..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றான்.

"ஒரே நம்பர் எத்தனை தடவை வந்துது?"

எக்செல் மனசுக்குள் ஓடியது. எந்த எண்ணும் இரண்டு தடவைக்கு மேல் வரவில்லை. இரண்டு இருபது நாற்பது. வருஷத்துக்கு ஐம்பதுக்குள்.

"மக ஜஹ்ரா வக்கீலுக்குத்தானே படிச்சிருக்கா? உங்க சட்டத்தை இன்டர்நெட்டுல தேடி எடுத்து வாசிச்சுக் காட்டினா. அதுல இருக்கறது அமெரிக்க டாலர். நமக்கெதுக்கு வம்புன்னு, மதிப்பு கம்மியான ஆஸ்திரேலிய டாலர்லயே இருபதுக்குள்ள வச்சோம். உங்களுக்குன்னு ஒரு பை கட்டறது, மத்த மூணு பை கட்டறதை விட நேரம் சார். நெய் பெரிய பாட்டிலு இருபத்து மூணு வருது. ஆகாதுன்னு சின்னது வாங்க வச்சேன்."

செந்தில்நாதன் தன்னைக் கேலி செய்யத்தான் அந்தப் பெயர் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். கேலிதான். ஆனால் சிரித்த அதே மனுஷர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, சமயம் வந்தபோது அதன் ஓரத்தை அளந்து, ஒரு காசு கூட வெளியே சிந்தாமல் அவனுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்.

"இருந்தாலும் பாய்... ஆலோசகர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் தொட முடியாது."

"ஒண்ணு கேக்கறேன். ஒரு மாசமா கூலியில்லாம ஜன்னல்ல உக்காந்திருக்கீங்களே, அது எந்த சட்டத்துல வருது?"

"நான் அத்தியாவசியம் பாய்."

"அப்போ சாப்பாடு அத்தியாவசியம் இல்லையா?"

செந்தில்நாதனுக்குக் கை குவிக்கவும் வரவில்லை, கட்டிப்பிடிக்கவும் வரவில்லை. எழுந்து நின்று, மேஜையில் சாய்ந்து கிடந்த ஒரு பையை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தான்.

*

அன்று இரவே ஆலோசகருக்கு இரண்டாவது மின்னஞ்சல். நூர்தீன் பாயின் லிஸ்ட் பற்றிய விவரமும், தேதி, பொருள், விலை, எண் என்று எக்செல் இணைப்பும். சயந்தினி பெயரைச் சொல்லாமல், நாலாம் ஜன்னலில் நடந்ததையும், கோப்பைக் கைமாற்றியதையும் எழுதினான். நாலு வினாடியில், பொறுமைக்கு மறுபடி நன்றி சொன்னது கணினி.

வெள்ளிக்கிழமை நாலாவது பை வந்தது. அக்ஷரா கத்தினாள். பை சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. செந்தில்நாதன் அதன் காதுகளை முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

"பதில் வர்ற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது."

"அப்பா, சீரியஸ்லி? முறுக்கு ஸ்மெல் வருது."

"வரட்டும்."

"கொத்தமல்லி வாடிரும்" என்றாள் கிரிஜா.

"ஃப்ரிட்ஜுல வை."

"ஃப்ரிட்ஜுல வச்சா வாங்கிக்கிட்டதா ஆகாதா? ஆலோசகருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்களேன்."

அவன் கேட்கவும் யோசித்தான். கிரிஜா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, அவன் எதிர்பாராத விதமாக, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க இப்படி இருக்கறதாலதான் அவரு அப்படிக் கட்டி அனுப்பினாரு. வேற ஆளா இருந்தா ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பாரு."

ஆறு நாள் அந்தப் பை மேஜை மேல் விருந்தாளி போல் உட்கார்ந்திருந்தது. அவர்கள் அதைச் சுற்றிலும் ரசம் சாதம் சாப்பிட்டார்கள்.

பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை, சிட்னியில் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு, வாஷிங்டனில் கையெழுத்தானது. நாற்பத்து மூன்று நாளுக்குப் பிறகு அரசாங்கம் திறந்தது. அலுவலகத்தில் யாரும் கை தட்டவில்லை. ஏழாம் ஜன்னல்காரர் மட்டும், "இனி சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும், பழக்கம் விட்டுப் போயிற்று" என்றார். வரதராஜனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வரி: 'தூங்கப் போறேன்டா.'

வெள்ளிக்கிழமை காலை ஆலோசகரின் பதில் வந்தது. கணினி அல்ல, மனுஷி.

'அறுநூற்றுப் பன்னிரண்டு அஞ்சல்கள் காத்திருந்தன. எக்செல் இணைத்தது நீங்கள் ஒருவர்தான். விதிமீறல் எதுவும் இல்லை. கோப்பைக் கைமாற்றியது சரி. ஒரு சொந்தக் கேள்வி: நான் ஆறு வாரம் வீட்டில் இருந்தேன், என் தெருவில் யாரும் இப்படிச் செய்யவில்லை. அந்த நூர்தீனின் விலாசம் கிடைக்குமா? பதில் சொல்லக் கடமை இல்லை.'

அவன் அதை மூன்று தடவை படித்தான். வேலை போகவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதற்கு என்ன பெயரில் கோப்பு திறப்பது என்றுதான் தெரியவில்லை.

மாலை நாலரைக்கு ஹரிஸ் பார்க்கில் இருந்தான்.

"திறந்துட்டாங்க பாய். இனிமே பை வேண்டாம்."

"சம்பளம் கைக்கு வந்துருச்சா?"

"இல்லை, அடுத்த வாரம்தான்..."

"அப்போ இந்த வெள்ளியும் உண்டு. லிஸ்ட்டுக்குன்னு ஒரு ரூல் இருக்கு. உங்களுக்கு மட்டும்தான் ரூல் இருக்குன்னு நினைச்சீங்களா?"

"நான் ஏதாவது செய்யணும் பாய். பணம் இப்ப இல்லை. வேற ஏதாவது."

"கார்ல பெட்ரோல் இருக்கா?"

"அரை டேங்க் இருக்கு."

"சயந்தினிக்கு இன்னிக்கு டியூட்டி முடியலையாம். தங்கச்சி கல்யாணத்துக்கு விசா வந்துருச்சு, அதுக்கு லீவு சேர்க்கிறா புள்ள. நீங்க போங்க." நாலு பையையும் ஒரு துண்டுச் சீட்டையும் நீட்டினார். "மணி ஒரு தடவை. நிக்கக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது."

காரில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்தான். நாலு கதவு எண்கள். மூன்று தெரியாத விலாசங்கள். நாலாவது, எழுபத்து மூன்று.

இறங்கிக் கடைக்குள் ஓடினான். "பாய், கடைசி வீடு என்..."

பாய் ஒரு அம்மாவுக்குக் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "யாரு வீடுன்னு எனக்குச் சொல்லக் கூடாது சார். ரூல்."

முதல் வீட்டு வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு, எல்லாம் மாணவர் செருப்பு. இரண்டாவதில் ஒரு குழந்தைத் தள்ளுவண்டி. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, மிதியடி கூட இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பையை வைத்தான், மணியை அடித்தான், திரும்பிப் பார்க்காமல் நடந்தான். மூன்றாவது வீட்டில் மட்டும், கதவு திறக்கும் சத்தத்துக்குப் பிறகு வெகுநேரம் அது மூடும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

ஆறு ஒன்பதுக்கு ஏழாவது தளம். சொந்த வீட்டு மிதியடி மேல் பச்சைப் பையை வைத்தான். மேலாக இருந்த பாட்டிலின் மூடியில் 12, பக்கத்தில் 8.40. இந்தப் பன்னிரண்டு யாரென்று அவனுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

மணியை ஒரு தடவை அடித்தான். லிஃப்ட் வரவில்லை. மாடிப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், இருட்டான படியில் நின்றான்.

வீட்டுக்குள் ஓடி வரும் காலடி. கதவு திறந்தது.

"தேங்க் யூ!"

படிக்கட்டுச் சுவரெல்லாம் அந்தக் குரல் ஏறி இறங்கியது. நாலு வாரமாக வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டவன்தான். வெளியிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. சயந்தினி எதற்காகச் சிரித்துக்கொண்டே போனாள் என்று தெரிந்தது.

படியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, லிஃப்ட் ஒரு தடவை கீழே போய் மேலே வருகிற நேரம் காத்திருந்தான். பிறகு, இப்போதுதான் அலுவலகத்திலிருந்து வருகிறவன் போல் சாவி போட்டுக் கதவைத் திறந்தான்.

மேஜையில் இப்போது இரண்டு பை. போன வாரத்துப் பை முடிச்சோடு அப்படியே இருந்தது. அக்ஷரா எதிரில் நாற்காலி போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கிரிஜா சமையலறை வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்குக் கூடையும் தெரியும், முகமும் தெரியும்.

"புதுப் பை வந்திருக்குப்பா. ஆனா டோன்ட் வொர்ரி, நான் தொடலை."

"ம்."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பிரிக்கலாமா?"

செந்தில்நாதன் ஷூவைக் கழற்றினான்.

"ரெண்டையும் பிரி."